நாலாம் அறையின் சூரியன்

ஐம்பது வயதில் எனக்கு ஒரு ஆற்றைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது. தண்ணீர் ஓடுகிற ஆறு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ ஒரு ஜெர்மன்காரர் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்து வைத்த ஆறு. நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து ரயிலில் அரைமணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊரின் அருங்காட்சியகத்தில், நாலாம் அறையில், அது தொங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளைத் தேடிப் பிடித்து ஆற்றுக்குக் காவல் வைத்தார்களே என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கள் பக்கத்தில் கிணறு உண்டு, குளம் உண்டு, சுற்றிவரக் கடல் உண்டு. ஆறு மட்டும் இல்லை. மாரியில் ஓடிக் கோடையில் காணாமல் போகிற ஒரு வாய்க்காலை ஆறு என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். அதையும் நான் நேரில் கண்டதில்லை.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஆறு இல்லை, கதிரை. அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரிகளில் நிலம் துடைத்தவள் நான். இரண்டு முழங்காலும் போய்விட்டன. இனிக் குனிய ஏலாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிரப்பி, கடைசியில் இந்தக் கதிரைக்கு வந்து சேர்ந்தேன். பார்வையாளர் வந்தால் எழுந்து நிற்கவேண்டும், போனால் உட்காரலாம், அவ்வளவுதான் சட்டம். நாலாம் அறைக்கு அநேகமாக யாரும் வருவதில்லை. வந்த சிலரும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் வந்தார்கள். ஜெர்மனியில் எனக்கு உட்கார வைத்துச் சம்பளம் தந்த முதல் இடம் அது. அந்தக் கதிரையை நான் விடமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்திருந்தேன்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். ஆறு இரண்டு இடத்தில் வளைந்து வரும். வலது பக்கம் இடிந்த கோட்டை. இடது கரையில் மூன்று மாடுகள், அதில் ஒன்று எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு படகு, அதில் ஐந்து பேரும் ஒரு குதிரையும். மேலே பாதிப் படத்தையும் வானம் பிடித்துக்கொண்டிருந்தது. வெறும் வானம், மேகம்கூட உருப்படியாக இல்லை. பக்கத்தில் ஒரு சீட்டு: ஆற்று நிலக்காட்சி, ஜெர்மனி, பதினெட்டாம் நூற்றாண்டு, வரைந்தவர் தெரியவில்லை. தான் வரைந்ததாகச் சொல்லிக்கொள்ள அந்த மனிதருக்கே விருப்பமில்லை போலும் என்று நான் நினைப்பதுண்டு.

நாலாவது வருடம் புரட்டாதியில் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரி. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பதுதான் அவர் படித்த தொழில். சட்டைப் பையில் எப்போதும் கரட் வைத்திருந்து கடித்துக்கொண்டிருப்பார். எங்களைப் போன்ற காவல்காரருக்கும் கைகொடுத்து வணக்கம் சொல்கிற மனுசி. நகரசபை சூடேற்றும் செலவைக் குறைக்கச் சொல்கிறதாம், வருடம் பிறந்ததும் நாலாம் அறையைப் பூட்டப் போகிறார்களாம், படம் நிலவறைக்குப் போகுமாம்.

"என் கதிரை?" என்று கேட்டேன்.

"உங்கள் இடமும் போகும். மன்னியுங்கள். என் ஒப்பந்தமே வசந்தம் வரைக்கும்தான். அதை நீட்டுவார்களா என்று எனக்கும் தெரியாது" என்றார். பாதிக் கரட்டை எனக்கு நீட்டினார். நான் வாங்கிக் கடித்தேன். வேறு என்ன செய்வது?

இது நடந்து இரண்டு கிழமையில் நவராத்திரி வந்தது. என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள், எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கிறாள். அவள் வீட்டில் கும்பம் வைப்பாள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கடைக் குங்குமத்தில் சாயம் கலக்கிறார்கள் என்று, மஞ்சளும் சுண்ணாம்பும் எலுமிச்சம்புளியும் சேர்த்துப் பல்கணியில் காயவைத்து, குங்குமத்தைத் தானே செய்து போத்தலில் அடைத்து வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் வேலைக்கு ஓடும் வழியில் என்னைப் பிடித்து நிறுத்தி, கல்லில் உரைத்த சந்தனத்தை நெற்றியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு அப்பி, அதன் நடுவில் குங்குமத்தை வைத்தாள். வழக்கமாக ரயிலில் ஏறியதும் ஈரத் தாளால் துடைத்துவிட்டு ஒட்டுப் பொட்டு வைத்துக்கொள்வேன். அன்று ரயில் புறப்படும் நேரம். ஓடி ஏறி மூச்சு வாங்கியதில் அதை மறந்துபோனேன். மூக்குக்கண்ணாடியையும் வீட்டில் விட்டுவிட்டேன்.

அருங்காட்சியகம் திறக்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அதுவரை படங்களின் எச்சரிக்கை மணி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். இன்னும் கொஞ்ச நாளில் நிலவறைக்குப் போகப் போகிற படம்தானே, ஒரு தடவை கிட்ட நின்று பார்ப்போம் என்று எனக்கு ஒரு ஆசை. அந்தப் படகில் ஒரு பொம்பிளை உண்டு. அவள் மடியில் இருப்பது குழந்தையா மூட்டையா என்று நாலு வருடமாக எனக்குத் தெரியாது. கண்ணாடி இல்லாத கண்ணோடு குனிந்தேன். இன்னும் குனிந்தேன். மூக்கு படகுக்கு நேரே போனால் நெற்றி எங்கே போகும்? வானத்துக்குத்தான். நெற்றியில் சில்லென்று ஏதோ பட்டது. நான் பயந்து பின்னால் வந்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூட்டைதான் என்று முடிவு செய்துகொண்டு கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

மதியம் கழிப்பறைக் கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. பொட்டு பாதி அளவுக்கு இருந்தது. ஓடி வந்து படத்தைப் பார்த்தேன். மற்றப் பாதி படகுக்கு நேர் மேலே வானத்தில் நின்றது. நடுவில் சிவப்பு, சுற்றிவர மஞ்சள் வளையம். துடைக்க ஒரு அடி எடுத்து வைத்து நின்றேன். அதற்குள் மணியையும் போட்டுவிட்டார்கள். ஒரு கை தூரத்துக்குள் போனால் கட்டடமே அலறும்.

அன்று மாலை வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, நான் படத்துக்குப் பொட்டு வைச்சிட்டன்."

"எந்தப் படத்துக்கு? சாமிப் படத்துக்கே?"

"இல்லை. ஆத்துப் படத்துக்கு."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "உமக்கென்ன விசரே? ஏன் வைச்சனீர்?"

"நான் எங்கை வைச்சனான்? நெத்தி முட்டி அது தன்பாட்டிலை ஒட்டிட்டுது."

"நாளைக்குப் போய்த் துடைச்சுவிடும்."

"துடைக்க ஏலாது. கிட்டப் போனால் மணி அடிக்கும்."

"திறக்கிறதுக்கு முன்னம் போய்த் துடையுமன்."

"துடைக்கப் போய் வானமும் சேந்து கழண்டு வந்தால்? முன்னூறு வருசத்து வானமப்பா!"

அவர் யோசித்தார். "அப்ப பேசாமல் இரும். ஆர் உந்தப் படத்தைப் பாக்கினம்?" என்று சொல்லிச் சத்தத்தைத் திரும்பவும் கூட்டினார்.

அவர் சொன்னது சரி. பதினொரு நாள் ஒருவரும் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள், படத்துக்குப் பெட்டி செய்ய அளவெடுக்க என்று இயக்குநர் வந்தார். அளவு நாடாவை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தச் சூரியன் எப்போதும் இருந்ததா?" என்று என்னிடம் கேட்டார்.

என் வாயில் உண்மை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. "நான் படத்தைப் பார்ப்பதில்லை. ஆட்களைத்தான் பார்ப்பேன். அதற்குத்தானே சம்பளம்" என்றேன். அதில் பாதிதான் பொய்.

அவர் ஓடிப்போய்ப் பழைய பதிவு அட்டையை எடுத்து வந்தார். அதில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம் தபால் முத்திரை அளவுதான். சூரியனை விடுங்கள், ஆற்றையே அதில் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. இந்தப் படத்தை அஞ்சலட்டையாக அடிக்க யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. இயக்குநருக்கும் வந்து இரண்டரை வருடம்தான், வானத்தை அவரும் பார்த்ததில்லை. ஆக, அந்த ஊரில் அந்தப் படத்தில் சூரியன் இருந்ததா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். நெடிய மனிதர், கழுத்தைச் சுற்றிச் சால்வை, ஆட்களைப் பார்க்காமல் படங்களோடுதான் பேசுவார். பூதக்கண்ணாடியை எடுத்து எங்கள் வானத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆறுகளை மட்டுமே வரைந்த ஒரு ஓவியர் இருந்தாராம். அவர் தன் பெயரை எழுதாமல் வானத்தில் ஒரு செஞ்சூரியனை வைப்பது வழக்கமாம். அவரைப் பற்றித் தலையணை போல ஒரு புத்தகம் எழுதியவர் இந்தப் பேராசிரியர்தானாம். "கடைசியில் வந்துவிட்டாயா" என்று பொட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு சனம் வரத் தொடங்கியது. ஊரில் உள்ள கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, எட்டு வயதில் ஆசிரியர் எங்களை இங்கே கூட்டிவந்து இந்தச் சூரியனைக் காட்டினார், அதை நான் மறக்கவே இல்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர், எங்கள் அம்மா இந்தச் சூரியனைப் பற்றி அடிக்கடி சொல்லுவா என்றார். ஒரு கிழமைக்குள் அந்த ஊரில் சூரியனைச் சின்ன வயதிலேயே பார்த்திராத ஆளே இல்லை என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆற்றை வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் ஆற்றை விட்டுவிட்டுச் சூரியனை வரைந்தார்கள். மூலையில் உள்ள பேக்கரியில் மஞ்சள் கேக்கின் நடுவில் ஒரு செரிப்பழம் வைத்து விற்றார்கள். நான் ஒன்று வாங்கித் தின்றேன், நன்றாக இருந்தது.

அறையைப் பூட்டும் பேச்சு நின்றது. எனக்குப் புதுக் கதிரை வந்தது. கைப்பிடியும் மெத்தையும் வைத்த கதிரை. பொய்யின் சுகத்தை நான் அந்த மெத்தையில்தான் அறிந்துகொண்டேன்.

மச்சாளுக்குப் பத்திரிகையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. படியிறங்கி ஓடி வந்தாள்.

"அண்ணி, இது நான் வைச்ச பொட்டெல்லே?"

"ஓம்."

"பாருங்கோ, ஒரு பிசகில்லாமல் எவ்வளவு வட்டமாய் வைச்சிருக்கிறன்! கோயிலிலை எல்லாருக்கும் காட்டப்போறன்."

என் கணவர் அவளை உட்காரவைத்து, வாய் திறந்தால் அண்ணிக்கு வேலை போய்விடும் என்று விளங்கப்படுத்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பத்திரிகையை மட்டும் வெட்டிச் சாமி அறையில் ஒட்டிவைத்தாள்.

பிறகு பேராசிரியர் ஊசிமுனை அளவுக்குச் சூரியனைச் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். இதோடு பிடிபடுவேன் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். முடிவு வந்தது. மஞ்சள், சுண்ணாம்பு, சந்தனம். கடைக் குங்குமமாக இருந்திருந்தால் புதுச் சாயம் என்று அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள், கதையும் முடிந்திருக்கும். மச்சாளின் சுத்தம் என்னை இன்னும் ஆழமான கிடங்கில் இறக்கிவிட்டது. ஏனென்றால் பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. கீழைத்தேசத்துப் பொருட்கள்! அந்த ஓவியருக்கு இவை எங்கே கிடைத்தன? அந்தக் காலத்தில் ஜெர்மன்காரர் பலர் ஒல்லாந்தரின் கப்பல்களில் கூலிக்குப் போனவர்கள். இவரும் போயிருக்கிறார். இலங்கைக்குப் போயிருக்கிறார்.

"அப்படியானால் இது ஜெர்மன் ஆறாகவே இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு திரும்பியவர், அன்றுதான் முதல்முறையாக என்னைக் கண்டார்.

"நீங்கள் எந்த நாடு?"

"இலங்கை."

"எந்தப் பகுதி?"

"யாழ்ப்பாணம்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நன்றாகப் பாருங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு ஆறு உண்டா?"

"எங்கள் ஊரில் ஆறே இல்லை."

"இப்போது இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்திருக்கலாம்."

"ஐயா, அப்போதும் இல்லை. நிலம் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் கீழே போய்விடும்."

"அந்தக் கோட்டை? ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டவில்லையா?"

"கட்டினார்கள். அது கடற்கரையில்."

"ஆக, தண்ணீருக்குப் பக்கத்தில்" என்றார். மாட்டின் கொம்பைக் காட்டி, இது உங்கள் மாடுதானே என்றார். அது பின்புறத்தைக் காட்டி நிற்கிற மாடு. கொம்பே தெரியாது. என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். தன் தாய்நிலத்து ஆற்றை இருநூற்றைம்பது வருடம் கழித்து அடையாளம் கண்ட பெண் என்று கீழே எழுதினார்கள். என் ஊருக்கு ஒரு ஆற்றை வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

இயக்குநர் ஒரு தடவை மட்டும் வாய் திறந்தார். "இந்தச் சிவப்பு மெருகுக்கு மேலே இருப்பதுபோலத் தெரிகிறது" என்றார். பழைய படங்களில் வரைந்து முடித்த பிறகு மேலே மெருகு பூசுவார்கள். எது அதற்கு மேலே இருக்கிறதோ அது பிறகு வந்தது என்று அர்த்தம். பேராசிரியர் சிரித்தார். மெருகு பூசிய பிறகு அந்த நாட்டை நினைத்துக் கடைசியாக வைத்திருப்பார், அதுதான் மேதைமை என்றார். இயக்குநர் கரட்டை எடுத்தார், கடிக்காமல் திரும்பப் பைக்குள் வைத்தார்.

தை மாதத்தில் பேராசிரியர் ஒரு முடிவோடு வந்தார். இவ்வளவு அரிய படம் இந்தச் சின்னக் கட்டடத்தில் இருக்கக்கூடாது, தன் நகரத்துப் பெரிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். நகரசபைக்கு வாயெல்லாம் பல். மாசி கடைசியில் இங்கே ஒரு விழா, அதில் அவருடைய உரை, அடுத்த நாள் படம் புறப்படும், அதோடு நாலாம் அறை பூட்டப்படும். சூரியன் இல்லை என்று அறையைப் பூட்டப் பார்த்தார்கள். சூரியன் வந்துவிட்டது என்றும் அறையைப் பூட்டுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் என் கதிரைதான் போகிறது.

"நான் உண்மையைச் சொல்லப்போறன்" என்றேன் வீட்டில்.

"சொன்னால் வேலை போகும்" என்றார் கணவர்.

"சொல்லாட்டியும் போகுது. சொன்னால் படம் எண்டாலும் நிக்கும். படம் நிண்டால் அறை நிக்கும், அறை நிண்டால் கதிரை நிக்கும்."

"அதிலை நீர் இருப்பீரோ, வேறை ஆரும் இருப்பினமோ?"

அதை நான் யோசிக்கவில்லை. யோசித்தாலும் சொல்லியிருப்பேன், அவ்வளவு ஆத்திரம். என்னை நல்லவள் என்று யாரும் நினைக்கவேண்டாம். மனச்சாட்சி உறுத்தி நான் சொல்லப் போகவில்லை. கதிரைக்காகத்தான் போனேன்.

இயக்குநரிடம் தனியாகச் சொல்வோம் என்று அலுவலகத்தில் டெர்மின், அதாவது அவரைச் சந்திக்க நேரம், கேட்டேன். அவருடைய நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விழாவுக்குப் பிறகு இரண்டாவது செவ்வாய், பதினொன்றரை மணிக்கு வசதியா என்று கேட்டார்கள். இந்த நாட்டில் உண்மையைச் சொல்வதற்கும் வரிசையில் நிற்கவேண்டும். படம் போன பிறகு சொல்லி என்ன பயன்? வசதி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விழா அன்று காலை மேல்மாடிக்குப் போனேன்.

"அண்டைக்கு வைச்ச மாதிரி அச்சொட்டாய் வையும். சந்தனம் காயக்கூடாது, கொஞ்சம் தண்ணியாய் உரையும்" என்றேன் மச்சாளிடம். அவள் ஒன்றும் கேட்காமல் வைத்தாள். ரயிலில் நெற்றியில் காற்றுப் படாமல் தலையைக் குனிந்துகொண்டு போனேன். எதிரே இருந்த ஒருவர், சுகமில்லையா என்று விசாரித்தார்.

நாலாம் அறை நிறைந்திருந்தது. கதிரை போதாமல், என்னுடைய மெத்தைக் கதிரையை எடுத்து நகரபிதாவுக்குப் போட்டிருந்தார்கள். நான் சுவரோரம் நின்று, சந்தனம் காயாதபடி நனைத்த விரலால் இடைக்கிடை தொட்டுக்கொண்டேன். பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். கப்பல், புயல், காய்ச்சல், யாழ்ப்பாணத்து ஆறு எல்லாம் வந்தது. கேள்விகள் உண்டா என்றதும் நான் கையைத் தூக்கினேன்.

"அது சூரியன் இல்லை. என் பொட்டு" என்றேன். ஜெர்மனில், என்னால் முடிந்த அளவு தெளிவாக. "ஒக்டோபரில் என் நெற்றி படத்தில் முட்டியது. நான் சொல்லாமல் விட்டது பிழை."

சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைச் சுவருக்குப் போய் நெற்றியை வைத்து அழுத்திவிட்டுத் திரும்பினேன். சுவரில் இன்னொரு சூரியன் நின்றது. அதே சிவப்பு, அதே மஞ்சள் வளையம். சபை வாயைப் பிளந்தது.

பேராசிரியர் பூதக்கண்ணாடியோடு சுவருக்கு ஓடினார். பிறகு படத்துக்கு ஓடினார். திரும்பவும் சுவருக்கு. நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் சபையைப் பார்த்துத் திரும்பியபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

"இதே உத்தி! அந்த மக்களிடம் இது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது! ஓவியர் அங்கேதான் இதைக் கற்றுக்கொண்டார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" என்றார்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நகரபிதா என் கதிரையிலிருந்து எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "இல்லை! என் நெற்றி! போன ஒக்டோபர்!" என்று நான் கத்தினேன். யாரோ என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.

அப்போதுதான் இயக்குநர் எழுந்து வந்தார். என் நெற்றியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பைக்குள் கையை விட்டு ஒரு மெல்லிய குச்சியும் பஞ்சும் எடுத்தார். பஞ்சைக் குச்சியில் சுற்றி, வாயில் வைத்து நனைத்தார். பழைய படங்களில் லேசான அழுக்கை எடுக்க எச்சிலைப் போல நல்லது இல்லை என்று அவர் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார், அது அவர்களின் தொழில்முறை. ஒரு கை தூரத்தைத் தாண்டிப் போனார். மணி அலறத் தொடங்கியது. அந்த அலறலுக்குள் நின்று, அவசரப்படாமல், பஞ்சைச் சின்னச் சின்ன வட்டமாக உருட்டினார். நாலு பஞ்சு பிடித்தது. சூரியன் போயிற்று. வானம் பழையபடி வெறிச்சென்று இருந்தது.

"இது மெருகுக்கு மேலேதான் இருந்தது. எனக்கு முதல் கிழமையே தெரியும். நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பேராசிரியர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தடி ஊன்றிய கிழவர், எங்கள் சூரியனை அழித்துவிட்டாள் என்று கத்தினார். ஒருவர் பொலிசைக் கூப்பிட்டார். வந்த பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எது காணாமல் போனது என்று கேட்டார். சூரியன் என்றார்கள். எந்த அளவு என்று கேட்டு அவர் அதை எழுதிக்கொண்டார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, நம்பாத ஒன்றுக்காக ஒரு ஆளை எப்படி நிறுத்துவது? ஊரைப் பொறுத்தவரை நான் பழைய உத்தியைச் செய்து காட்டிய அம்மா. குற்றம் முழுவதும் இயக்குநரின் தலையில் விழுந்தது. மேதை ஒருவரின் சூரியனைத் துப்பலால் அழித்தவர் என்று பேராசிரியர் பத்திரிகையில் எழுதினார். சூரியன் போனதும் பெரிய அருங்காட்சியகத்துக்குப் படம் வேண்டாம் என்றாகிவிட்டது. ஆனால் சூரியன் இருந்த இடத்தைப் பார்க்கச் சனம் வந்தது, முந்தியதைவிடக் கூடுதலாக. நாலாம் அறையைப் பூட்டமாட்டோம் என்று நகரசபை அறிவித்தது. நான் கணக்குப் போட்டது அப்படியே நடந்தது. படம் நின்றது, அறை நின்றது, கதிரை நின்றது, அதில் நான்தான் இருந்தேன்.

இயக்குநரின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. நான் நகரசபைக்கு இரண்டு தரம் போனேன். பிழை என்னுடையது, அவர் துடைத்தது என் பொட்டைத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருந்த அலுவலர் வாசித்துவிட்டு, அவரைக் காப்பாற்ற நினைக்கிற உங்கள் நல்ல மனம் விளங்குகிறது என்றார். இரண்டாம் தரம் போனபோது தேநீரும் தந்தார். ஐரோப்பாவில் இத்தனை வருடத்தில் என் பேச்சை மரியாதையாகக் கேட்டு இப்படித் தூக்கி எறிந்ததை நான் கண்டதில்லை.

கடைசி நாளன்று இயக்குநர் நாலாம் அறைக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் தூரிகைகள். நான் எழுந்து என் கதிரையைக் காட்டினேன். அவர் மறுக்காமல் உட்கார்ந்தார். அறையில் ஒரு கதிரைதான் இருந்தது, நான் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்க ஜெர்மனில் நாலு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும், கையை எடுத்து என் கைமேல் வைத்தார். வேறு வேலை தேடிக்கொள்வேன் என்றார். இருவரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உண்மையைச் சொல்லவா?" என்றார். "சூரியனோடு படம் நன்றாகத்தான் இருந்தது."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார், திரும்பிக் கையைக் காட்டினார், போய்விட்டார். கதிரை காலியாக இருந்தது. அன்று மூடும்வரைக்கும் நான் அதில் உட்காரவில்லை.